“அந்த காலேஜ் மட்டும் வேணாம் மிஸ்”: கவுன்சிலிங் நேரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து பொறியியல் கவுன்சிலிங் முடிகிறவரை என் போன் ஓயாது. எங்கே சேரலாம் என்று கேட்பவர்களைவிட, எங்கே சேரவே கூடாது என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே சந்தேகத்தை நாற்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டதற்கு வகுப்பில் பேசுவதுபோல ‘நீ’ என்றும், பெற்றோர் கேட்டதற்கு ‘நீங்கள்’ என்றும் பதில் வரும்.

மிஸ், “போகவே மாட்டேன்”னு ஒரு லிஸ்ட் முதல்ல எழுதச் சொல்றீங்களே, எதுக்கு? சேர வேண்டியதைத்தானே முதல்ல எழுதணும்?

2018-க்கு முன்னால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், திரையில் காலியிடத்தைப் பார்த்து, ஒரே ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வர வேண்டும். 2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறியது. இப்போது எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். அதனால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து நூறு, நூற்றைம்பது என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். “சும்மா கிடக்கட்டும், சேஃப்டிக்கு” என்று போட்ட வரிதான் பல பேருக்கு விழுகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பையன், கட்-ஆஃப் 142, நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி “அது மட்டும் வேணாம் மிஸ்” என்றான். காரணம் கேட்டேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அங்கே படித்துப் பாதியில் நின்றுவிட்டார் என்றான். “ஒரு பாதுகாப்புக்குப் போட்டு வைடா” என்று நான்தான் 31-ஆவது சாய்ஸாகப் போட வைத்தேன். அதுவே விழுந்தது. இரண்டாம் செமஸ்டரில் வெளியே வந்துவிட்டான். அன்றிலிருந்து யார் வந்தாலும் வேண்டாம் என்கிற பட்டியலைத்தான் முதலில் எழுத வைக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்.

நான் கொடுக்காத காலேஜ் எனக்கு அலாட் ஆகுமா?

ஆகாது. நீ போட்ட வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, உன் ரேங்க் வரும்போது எது காலியாக இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். பட்டியலில் இல்லாதது உன்னிடம் வராது. கல்லூரியை மறுப்பதற்குப் பைசா செலவில்லாத ஒரே நேரம் சாய்ஸ் பூட்டுவதற்கு முந்தின நிமிடம் வரைதான்.

இன்னொன்று. பெயரைப் பார்த்துப் போடாதே, கவுன்சிலிங் எண்ணைப் பார்த்துப் போடு. ஒரே சாமி பெயரில் நாலு கல்லூரி இருக்கும். ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் ‘பொறியியல் கல்லூரி’ ஒன்றும் ‘தொழில்நுட்பக் கழகம்’ ஒன்றும் நடத்தும். இரண்டுக்கும் ஆசிரியர் வேறு, தேர்ச்சி வேறு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. இதுபோல ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வேண்டாம் பட்டியலிலும் எண்ணையே எழுது.

எல்லாரும் மோசம்னு சொல்றாங்க. நம்பலாமா?

யார் சொன்னது, எந்த வருடம் படித்தவர், எந்தத் துறை? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் காது கொடு. “என் அக்கா போன வருஷம் இ.சி.இ. மூணாம் வருஷம், ஒரு செமஸ்டர்ல ஒரே பேப்பருக்கு மூணு சார் மாறினாங்க” என்பது தகவல். “அந்த காலேஜா, ஐயையோ” என்பது வதந்தி. யூடியூபில் கல்லூரி வாசலில் மைக்கை நீட்டி எடுக்கிற வீடியோக்களில் திட்டுவதையும் புகழ்வதையும் ஒரே அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரே புகாரை ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் சொன்னால், நான் அதை உண்மை என்றே வைத்துக்கொள்வேன்.

தேர்ச்சி விழுக்காடு குறைவா இருந்தா அப்படியே ஒதுக்கிடலாமா?

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சியைச் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. நவம்பர்-டிசம்பர் தேர்வுக்கு ஒன்று, ஏப்ரல்-மே தேர்வுக்கு ஒன்று. ஒரே ஒரு பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காமல் நாலைந்தை வரிசையாகப் பார். எழுதியவர் எண்ணிக்கையையும் பார். 40 பேர் எழுதி 80 விழுக்காடு, 900 பேர் எழுதி 68 விழுக்காடு, இரண்டில் இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. செமஸ்டருக்குச் செமஸ்டர் இறங்கிக்கொண்டே வருகிற கல்லூரியில் யாரோ ஆசிரியர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தொடர்ந்து 30-க்குக் கீழே இருந்தால் தயங்காமல் வேண்டாம் பட்டியலில் எழுதிவிடு.

அட்டானமஸ் கல்லூரிகள் இந்தப் பட்டியலில் வராது. அவர்களே கேள்வித்தாள் எடுத்து அவர்களே திருத்துகிறார்கள். அங்கே 98 விழுக்காடு என்று போர்டு வைத்திருந்தால், அதை இந்தப் பட்டியலில் உள்ள 70-உடன் ஒப்பிட முடியாது.

வெப்சைட்ல அறுபது புரொபசர் போட்டோ இருக்கே மிஸ், அப்புறம் என்ன பயம்?

போட்டோவில் இருப்பவர்கள் வகுப்பில் இருக்கிறார்களா என்பதுதான் பயம். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வைத்திருக்கும் கணக்கு. கணக்கைக் காட்ட ஆள் வேண்டுமே. 2023-24-ல் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று காட்டப்பட்டார்கள், இதில் 224 பொறியியல் கல்லூரிகள் அடங்கும் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. அதன் பிறகு பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது. என் பழைய மாணவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்: “இன்ஸ்பெக்ஷன் அன்னைக்குத்தான் மிஸ் எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களையே பார்த்தோம்.”

அதனால் சீனியர்களிடம் “ஸ்டாஃப் நல்லா இருக்காங்களா” என்று கேட்காதே. “இந்த செமஸ்டர் ஆறு பேப்பரையும் யார் யார் எடுத்தாங்க, பேர் சொல்லு” என்று கேள். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் மாதிரி புதிய பிரிவுகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். சீட்டை ஒரே வருடத்தில் இரண்டு மடங்காக்கிவிடலாம். பாடம் தெரிந்தவரை அப்படி உருவாக்க முடியாது.

மேடம், காலேஜ் பரவாயில்லைன்னு சொல்றாங்க. ஆனா பஸ் மூலக்கடைக்கு காலையில 5.50-க்கு வந்துடுதாம். தூரத்தைக் காரணமா சொல்லி வேண்டாம்னு சொன்னா என் பொண்ணு சோம்பேறின்னு ஆகாதா?

ஆகாது. இந்தக் காரணத்தைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கோ இது முதல் வரிசைக் காரணம். சென்னைக் கல்லூரி என்று விளம்பரத்தில் இருக்கும். இடம் கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கமோ, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியோ, செங்கல்பட்டுக்கு அருகிலோ இருக்கும். வடசென்னையிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் எட்டு செமஸ்டருக்கு 720 நாள், 2,880 மணி நேரம். முழுதாக 120 நாள் இரவு பகலாக உங்கள் மகள் பஸ்ஸிலேயே இருக்கப்போகிறாள்.

5.50 பஸ் என்றால் நாலரைக்கு எழ வேண்டும். காலையில் சாப்பிடாமல் போவாள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வாள் என்று எந்த அப்பாவும் யோசித்து நான் பார்த்ததில்லை. மாலை ஏழு மணிக்கு வந்து ரெக்கார்டு எழுத உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவாள். முதல் வருடம் அரியர் விழுவதற்குக் கணக்குப் பாடம் கஷ்டம் என்று சொல்லுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கஷ்டம் பஸ்தான்.

சில கல்லூரிகளில் பஸ்ஸில் வந்தே ஆக வேண்டும், ரயிலில் வரக் கூடாது என்பார்கள். பஸ் கட்டணம் தனி வருமானம் ஆயிற்றே. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று நேராகப் போய்விடலாம். அந்த ரயில் பாதையை ஒட்டி இருக்கும் கல்லூரி, ரயிலில் வரவும் அனுமதிக்கும் என்றால், தூரம் அதிகமாக இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாணவர் பாஸும் மலிவு. தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல், ஒரு திங்கட்கிழமை காலை மகளும் நீங்களும் அதே நேரத்தில் கிளம்பிப் போய்ப் பாருங்கள்.

ஸ்ட்ரிக்ட் காலேஜ்னா நல்லதுதானே? பையன் ஏன் மாட்டேங்கிறான்னு புரியல.

எதில் ஸ்ட்ரிக்ட் என்று அவனிடம் கேளுங்கள். நேரத்துக்கு வகுப்பு நடக்கிறது, லேபில் ஒவ்வொருவரும் தானே செய்தாக வேண்டும் என்றால் நல்ல கண்டிப்பு, அங்கே அனுப்புங்கள். பெண் பிள்ளையிடம் நோட்டு வாங்கினால் ஃபைன், தாடி வைத்தால் ஃபைன், போன் கையில் இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வது, அப்பாவை வரச் சொல்லி எல்லார் முன்னாலும் நிற்க வைப்பது என்றால், அதைக் கண்டிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 18 வயதில் ஓட்டுப் போடுகிறவன் அவன். ஃபைனுக்கு ரசீது தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பாதி விஷயம் விளங்கிவிடும்.

பிள்ளைகள் உள்ளே போனபின் வாய் திறக்க மாட்டார்கள். 2021 விதிமுறைப்படி தியரி பாடத்தில் 100-க்கு 40 மதிப்பெண் கல்லூரியின் கையில். அந்த 40-ஐ நினைத்து நாலு வருடம் பேசாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். வேண்டாம் என்று சேருவதற்கு முன்னால் சொல்கிறானே, அப்போதே கேட்டுவிடுங்கள்.

95 சதவீதம் பிளேஸ்மென்ட்னு பேனர் வெச்சிருக்காங்க. அதையும் வேணாம்னு சொல்லணுமா?

எதில் 95 என்று கேள். 240 பேர் படிக்கிற ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். அரியர் இல்லாதவர், டிரெயினிங் கட்டணம் கட்டியவர் என்று சலித்து 90 பேரை ‘தகுதியானவர்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். 86 வேலைக் கடிதம் வருகிறது. 90-க்கு 86, அதாவது 95 விழுக்காடு. 240-க்குப் பார்த்தால் 36. அந்த 86-லும் ஒரே பெண் மூன்று கடிதம் வாங்கியிருந்தால் மூன்றாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

பேனரில் இருக்கிற முகத்தை இன்ஸ்டாகிராமில் தேடிப் பேசிப் பார். கடிதம் வந்தது சரி, வேலைக்குக் கூப்பிட்டார்களா, எந்த மாதம், என்ன வேலை என்று கேள். வெட்கப்படாதே. தம்பி தங்கை கேட்டால் சொல்லத்தான் செய்வார்கள்.

எங்க வீட்டுக்கே ஒருத்தர் வந்து, கவுன்சிலிங்ல சீட் கிடைக்காது, இப்பவே 10,000 கட்டினா நேரா சேர்த்துடுறேன்னு சொல்றார் மேடம்.

அவருக்குக் கமிஷன் உண்டு. எந்தக் கல்லூரி வாசல் வாசலாக ஆள் அனுப்புகிறதோ, அது அதனாலேயே என் வேண்டாம் பட்டியலுக்குப் பாதி தூரம் வந்துவிட்டது. சில இடங்களில் ஆசிரியர்களையே ஆள் பிடிக்க அனுப்பி, பிடித்தால்தான் சம்பளம் என்கிறார்கள். அந்த ஆசிரியர் வந்து பாடம் நடத்தும்போது எந்த மனநிலையில் இருப்பார்?

உங்கள் பிள்ளை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ எங்களைப் போன்ற மாநகராட்சிப் பள்ளியிலோ படித்திருந்தால், 2021 முதல் பொறியியலுக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இரண்டும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். வீட்டுக்கு வந்தவர் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா. அதில் கையெழுத்துப் போட்டால் இந்த இரண்டும் போய்விடும். போன சில வருடங்களில் என் வகுப்பிலிருந்து மூன்று குடும்பங்கள் இப்படி ஏமாந்தன. எனக்குச் சேதி வரும்போது பணம் கட்டியாகிவிட்டது. தனியாக நன்கொடை கேட்டால் அது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தில் குற்றம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீம்டு யூனிவர்சிட்டி?

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பார்களே, அதுதான். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடும், இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கிற அரசின் பொறியியல் கவுன்சிலிங்கும் (டி.என்.இ.ஏ.) அங்கே கிடையாது. மேலே சொன்ன சலுகைகளும் இல்லை. நன்றாக நடத்துகிற இடங்கள் உண்டு. கடன் வாங்கிச் சேரப் போகிறீர்கள் என்றால், நாலு வருடத்துக்கும் சேர்த்து மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அரசுக் கலைக் கல்லூரின்னா ‘ரூட்டு தல’, பட்டாக்கத்தின்னு நியூஸ்ல வருது. பையனை எப்படி அனுப்புறது?

பயம் பொய்யில்லை. 2019-ல் அரும்பாக்கத்தில் பஸ்ஸை மறித்து மாணவர்களை மாணவர்களே வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் உயிரிழந்தார். அந்தத் தாயின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு யாரிடமும் “ஒன்றும் ஆகாது” என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே மாநிலக் கல்லூரி, 1840-ல் தொடங்கியது, 2022-லும் 2023-லும் தேசியத் தரவரிசையில் கல்லூரிகள் பிரிவில் 3-ஆம் இடம் பெற்றது. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் அப்படியொரு துறையும் நூலகமும் ஏழைப் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கும்? சண்டை வகுப்பறையில் நடப்பதில்லை. குறிப்பிட்ட ரயில் பாதையிலும் பஸ் வழித்தடத்திலும்தான் நடக்கிறது. ‘ரூட்’ என்பதே அந்த வழிதான், ‘தல’ என்பது அந்த வழியில் வருகிற மாணவர் கும்பலின் தலைவன். என் மாணவர்களுக்குச் சொல்வது: முதல் மாதம் அந்தக் கும்பல் ஏறுகிற பஸ்ஸில் ஏறாதே, முன் பஸ்ஸில் போ, பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் நிற்காதே. போனவர்கள் பெரும்பாலும் பத்திரமாகப் படித்து முடித்து வந்திருக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் ராணி மேரி கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி இரண்டும் இருக்கின்றன.

வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியை இடத்தின் பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நான் தினமும் பாடம் எடுக்கிறேன். ஊர்ப் பெயர் ஒரு காரணமே கிடையாது.

“அங்க நம்ம ஆளுங்க இல்ல”ன்னு அப்பா ஒரு நல்ல காலேஜை அடிக்கிறார் மிஸ். என்ன பண்றது?

இந்தக் காரணத்தை எழுதிக்கொண்டு வந்தால் நான் அந்தத் தாளை வாங்குவதில்லை. அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுவேன். நீயும் அந்த எண்ணை உன் சாய்ஸில் வைத்துக்கொள். ஆனால் வேறொன்று இருக்கிறது: ஒரு கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே சாதி கேட்டுக் கூட்டம் சேர்க்கிறார்கள், விடுதியில் தனியாக உட்கார வைக்கிறார்கள் என்று அங்கே படித்தவர் சொன்னால், அது உன் நியாயமான காரணம். அதை முதல் வரியில் எழுது. ராகிங்குக்கும் இதே பதில்தான். 1997-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் எடுக்கிறது.

நான் வேணாம்ங்கிறேன், வீட்ல போட்டே ஆகணும்ங்கிறாங்க. யார் சொல்றதை எடுத்துக்கிறது?

“பிடிக்கல” என்று மட்டும் சொன்னால் வீட்டில் எடுபடாது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கேள்விக்கான பதில்களில் சொன்னபடி விசாரித்து, தேர்ச்சிப் பட்டியலை அச்செடுத்து, சீனியர் ஒருவரை அப்பாவிடம் போனில் பேச வை. அதே கட்-ஆஃபில் அதற்குப் பதிலாக இரண்டு கல்லூரியையும் சொல். மாற்று இல்லாமல் வேண்டாம் என்றால் பயந்துவிடுகிறார்கள், அதுதான் கோபமாக வருகிறது. அப்படியும் கேட்கவில்லை என்றால் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வா, நான் பேசுகிறேன்.

வேணாம்னு நினைச்சதே அலாட் ஆயிடுச்சு. இப்ப என்ன வழி?

தற்காலிக ஒதுக்கீடு வந்தவுடன் ஐந்து வழி காட்டும்: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் சாய்ஸுக்குக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேல் சாய்ஸுக்கு மட்டும் காத்திருப்பது, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது. நிஜமாகவே போக மாட்டாய் என்றால் முதல் இரண்டைத் தொடாதே. இரண்டாவதில் மேலே எதுவும் கிடைக்காவிட்டால் இதே கல்லூரிதான் உறுதியாகும். அடுத்த சுற்றுக்குப் போனால் மிச்சமிருக்கும் இடங்கள்தான் இருக்கும், ஆனால் அங்கே உன் ரேங்க் மற்றவர்களுக்கு முன்னால் நிற்கும். கடைசிச் சுற்றில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பதில் சொல்ல மிகக் குறைந்த அவகாசம்தான் தருவார்கள். அந்த நாட்களில் ஊருக்குப் போகாதே, போனை அணைத்து வைக்காதே.

சேர்ந்துட்டான் மேடம், இருக்க முடியலைங்கிறான். சர்டிபிகேட் கேட்டா மிச்ச வருஷ ஃபீஸையும் கட்டுன்னு சொல்றாங்க.

கேட்கக் கூடாது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்திருப்பதையும், விலகுகிற மாணவரிடம் மீதி வருடங்களின் கட்டணத்தைக் கேட்பதையும் ஏ.ஐ.சி.டி.இ. விதி தடுக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அலுவலக வாசலில் நின்று கெஞ்ச வேண்டாம். அங்கே வாயால் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடும்.

முதல் கேள்வியில் சொன்ன பையனுக்காக நானும் அவன் அம்மாவும் மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் “சார் மீட்டிங்ல இருக்கார்” என்றார்கள். பிறகு விலகல் கடிதத்தை ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் கல்லூரி முதல்வருக்கு அனுப்பி, நகலை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினோம். முதலமைச்சரிடம் புகார் சொல்லும் ‘முதல்வரின் முகவரி’ 1100 எண்ணிலும் பதிந்தோம். பதினோராம் நாள் கல்லூரியிலிருந்தே போன் வந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று நான்கையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தான். உங்கள் கடிதத்தை எழுத உதவி வேண்டுமானால், சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு எந்தச் சனிக்கிழமையும் பள்ளிக்கு வாருங்கள்.